குந்தியிருந்த குற்றம்: சபரகமுவத் தோட்டங்களில் துப்பறியும் கதையும் கேட்போர் கூட்டமும்

1. முன்னுரை

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுந்தோருட் பலர் துப்பறியும் கதையை ஒரு பக்கத்திற் குறிப்பிட்டு மறு பக்கத்தில் மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பொழுதுபோக்கு, மலினம், தழுவல் என்ற மூன்று சொற்களோடு அதன் கணக்குத் தீர்க்கப்படுகின்றது. இத்தீர்ப்பிற் பெரும்பகுதி நியாயமானதே. ஆயினும் மலையக நாவலின் தோற்றத்தைத் தேடிச் செல்லும் ஆய்வாளனை ஒரு துப்பறியும் கதையே வாயிலில் எதிர்கொள்கின்றது என்பதை நாம் எளிதிற் புறக்கணித்துவிட முடியாது. தோட்டத் தொழிலாளரின் முதற் பெருந்தலைவர்களுள் ஒருவரான கோ. நடேசய்யர், 1920களில் தாம் நடத்திய பத்திரிகையில் ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறன்’ என்ற தொடர்கதையை வெளியிட்டார். துண்டுமுறைக்கும் கங்காணிமார் கொடுமைக்கும் எதிராக எழுதிக்கொண்டிருந்த ஒரு பேனா, கொலையையும் களவையும் பற்றிய கதைக்கும் நேரம் ஒதுக்கியது ஏன்? இவ்வினா சுவை பற்றியதன்று; வரலாறு பற்றியது.

இதனோடு பிறிதொரு வினாவையும் நாம் இணைத்துப் பார்த்தல் வேண்டும். அக்காலத் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்களிடம் அச்சிட்ட கதை சென்றடைந்தது கண்வழியன்று, செவிவழி. ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். இன்று கைத்தொலைபேசியில் ஒலிநூலாகக் குற்றக்கதை கேட்கும் இளைஞனுக்கு அவனது கொள்ளுப்பாட்டன் காட்டிய வழியே அது எனலாம். எனவே கதை என்ன சொல்லிற்று என்பதுடன், அதனை யார், எவ்விடத்தில், எத்தகைய வாழ்நிலையில் இருந்துகொண்டு கேட்டனர் என்பதும் ஆராயப்படுதல் வேண்டும்.

இக்கட்டுரை இவ்விரு வினாக்களையும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சபரகமுவ மாகாணத் தோட்டங்களை முன்னிறுத்தி நோக்குகின்றது. கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலைப்பிரதேசங்களைப் பற்றிய ஆய்வுகளின் நிழலிலேயே சபரகமுவ பெரிதும் மறைந்து கிடக்கின்றது. எனினும் இலங்கைத் தோட்டத் தொழிலாளியைக் குற்றவாளி எனவும் குடியற்றவன் எனவும் சட்டம் வரையறுக்க முயன்ற வரலாற்றில், கேகாலை மாவட்டத்தின் இரு வழக்குகள் இலண்டன் வரை சென்று சட்டநூல்களில் நிலைபெற்றுள்ளன. அவ்விரு வழக்குகளையும் துப்பறியும் கதையின் அருகே வைத்துப் படிக்கும்போது கசப்பான ஒரு நகை பிறக்கின்றது. அந்நகையின் சமூக அடிப்படையை விளக்குவதே எமது நோக்கம்.

2. செவிவழி வந்த குற்றக்கதை

குற்றத்தைப் பற்றிய கதையைக் கூடியிருந்து கேட்கும் வழக்கம் துப்பறியும் நாவலோடு தோன்றியதன்று. தமிழகத்திற் கொலைச்சிந்து என வழங்கிய சிறு நூல்கள் இவ்வகையில் முதலில் நினைவுகொள்ளத்தக்கன. ஓர் ஊரில் நிகழ்ந்த கொலை சில வாரங்களுக்குள் சிந்துப்பாட்டாகி, மலிவான தாளில் அச்சாகி, சந்தைகளிலும் புகைவண்டிகளிலும் பாடி விற்கப்பட்டது. பாடியவரே விற்றவர், பாட்டே விளம்பரம். நூலை வாங்கியவன் தன் ஊரில் அதனைப் படித்துக் காட்டினான். சிங்கள மக்களிடையே ‘கவி கொளய’ எனப்பட்ட ஒற்றைத்தாட் கவிதைகளும் இதே பணியைச் செய்தன. பேருந்து நிலையங்களிலும் புகைவண்டிகளிலும் கொலைச் செய்திகள் இராகத்தோடு பாடி விற்கப்பட்டன. ஒரே நாட்டில் இரு மொழிகளில் இரு உழைக்கும் மக்கட் கூட்டங்கள் ஒரே வகையான இலக்கியத்தை ஒரே முறையில் நுகர்ந்தன என்பது ஒப்பியல் ஆய்வாளர் கவனிக்கவேண்டிய செய்தியாகும்.

சபரகமுவ மண்ணுக்கே உரிய ஒரு குற்றக்கதையும் உண்டு. மாவனல்லைக்கு அண்மையிலுள்ள உத்துவன்கந்தையை அரணாகக் கொண்டு கொழும்பு–கண்டி வீதியில் வழிப்பறி செய்த சரதியல், 1864 ஆம் ஆண்டு அவனது தோழன் மம்மலே மரைக்காருடன் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். அவனைப் பிடிக்கச் சென்ற போது உயிரிழந்த காவலரை இலங்கைப் பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் மார்ச்சு 21 இல் நினைவுகூருகின்றது. மக்களோ தூக்கிலிடப்பட்டவனை நினைவிற்கொண்டு கதை சொல்லி வந்துள்ளனர். ஒரே நிகழ்ச்சிக்கு அரசு ஒரு நினைவையும் மக்கள் மற்றொரு நினைவையும் வைத்திருப்பது குற்றக்கதையின் அடிப்படை இயல்பை எமக்கு உணர்த்துகின்றது. யார் குற்றவாளி என்பது யார் கதை சொல்கின்றார் என்பதைப் பொறுத்தது.

தோட்டங்களின் கேள்வி மரபு இதனிலும் செழுமையானது. பெரிய எழுத்துப் புத்தகங்களான அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்றவை தென்னிந்தியாவிலிருந்து வந்தோருடன் கடல் கடந்தன. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியன தோட்டத்துக் கலைகளாக வேரூன்றின. இவற்றில் மரணமும் நகையும் அடுத்தடுத்து நிற்பதை நாம் அவதானிக்கலாம். காமன் எரிக்கப்படும் இரவிலே இரதி புலம்புகின்றாள். அதே களத்திற் கோமாளி வேடங்கள் தோன்றிச் சிரிப்பூட்டுகின்றன. லாவணிக் கட்சிகள் ஒன்றையொன்று மடக்குகின்றன. எனவே கொலையைக் கேட்டுக்கொண்டே சிரிக்கும் பயிற்சி தோட்ட மக்களுக்கு நாவல் கற்றுக்கொடுத்ததன்று. அது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

சபரகமுவவின் உற்பத்தி முறையும் இம்மரபுக்கு இடமளித்தது. தேயிலையோடு இறப்பரும் இங்கு முதன்மை பெற்றது. பால் வெட்டு விடியற் பொழுதிலேயே தொடங்கும். வெயில் ஏறுமுன் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் வெட்டு இல்லை. இரத்தினபுரிப் பகுதியிலோ ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. வேலையில்லாத மழைநாள் தொழிலாளிக்குப் பேர் விழாத நாள். அதாவது கூலியற்ற நாள். அத்தகைய நாளில் லயத்து இஸ்தோப்பிற் கூடியிருப்பதைத் தவிர அவன் செல்லக்கூடிய இடம் வேறில்லை. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றையோர் சுற்றியிருந்து கேட்டதை நாம் ஓய்வு எனக் கூறுதல் பொருந்தாது. அது கூலி மறுக்கப்பட்ட நேரம். அந்நேரத்திற்றான் கதை நுழைந்தது.

அச்சிட்டது வந்துசேரும் வழியும் இருந்தது. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய புகையிரதப் பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பை அவிசாவளை வழியாக எட்டியாந்தோட்டையோடும் பின்னர் இரத்தினபுரியோடும் இணைத்தது. இறப்பரைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லுவதற்காக அமைக்கப்பட்ட அப்பாதையிலேயே செய்தித்தாளும் துண்டுப்பிரசுரமும் எதிர்த்திசையிற் பயணஞ்செய்ய முடிந்தது. முதலாளித்துவம் தன் தேவைக்கு அமைத்த சாதனம் அதன் எதிரிகளுக்கும் பயன்படுவது வரலாற்றில் அடிக்கடி நிகழும் முரண்பாடாகும்.

வாய்விட்டுப் படித்தலின் இயல்பையும் இங்கு குறித்தல் தகும். தனியே மௌனமாகப் படிப்பவன் முடிவை அறியப் பக்கங்களைத் தாண்டிச் செல்லலாம். கேட்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. படிப்பவரே கதையின் வேகத்தை ஆளுகின்றார், நிறுத்துகின்றார், குரலை மாற்றுகின்றார். ஆனால் கேட்போர் வெறுமனே அடங்கியிருப்பவரும் அல்லர். இடைமறிப்பர், ஊகிப்பர், கதையிலுள்ள பொலிஸ்காரனைத் தமக்குத் தெரிந்த ஒருவனோடு ஒப்பிட்டுச் சிரிப்பர். அச்சிடப்பட்ட கதை நூறு இஸ்தோப்புகளிற் படிக்கப்பட்டால் நூறு கதைகளாகின்றது. ஆய்வாளர் பிரதியை மட்டும் நோக்கி முடிவு கூறுவது இதனாலேயே போதாததாகின்றது.

3. மூலையில் குந்திய முதியோன்

தமிழிற் குற்றத்தை மையமாகக் கொண்ட உரைநடைக் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 1885 இல் வெளியிட்ட அசன்பேயுடைய கதையிற் குழந்தைக் கடத்தலும் மறைந்த பிறப்பை வெளிப்படுத்தலும் உள்ளன. பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் கதைகள் 1894 இல் ஒரு பொலிஸ் நிபுணனைக் கதைத்தலைவனாக்கின. பின்னர் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இத்துறையைப் பெருவணிகமாக வளர்த்தனர். இவர்களது துப்பறிவாளர்கள் பெரும்பாலும் சொத்துடைமையின் காவலர்கள். களவுபோன நகையும் மறைக்கப்பட்ட உயிலும் உரியவரிடம் திரும்பிச் செல்வதோடு கதை முடியும். நியாயம் என்பது சொத்து பழைய கைக்குத் திரும்புதல் என இக்கதைகள் பொருள்கொண்டன.

நடேசய்யரின் தலைப்பு இப்போக்கிலிருந்து வேறுபட்ட ஒரு மூலத்தை நினைவூட்டுகின்றது. ஹங்கேரியிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர்சி சீமாட்டி 1901 ஆம் ஆண்டு முதல் இலண்டன் சஞ்சிகையொன்றில் எழுதிய கதைகளில் மூலையில் அமர்ந்திருக்கும் கிழவர் ஒருவர் தோன்றுகின்றார். இலண்டன் தேநீர்க்கடையொன்றே அவருடைய இடம். ஓடித்திரிந்து தடயம் தேடும் வழக்கம் அவருக்கில்லை. ஒரு கயிற்றுத் துண்டில் முடிச்சிட்டுக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும், பொலிசாரால் தீர்க்கமுடியாத குற்றங்களின் விடையை எதிரே இருக்கும் பெண் பத்திரிகையாளருக்குச் சொல்லுகின்றார். விடையைப் பொலிசாரிடம் தெரிவிப்பதில்லை. குற்றவாளியின் திறமையை வியக்கின்றார். சட்டத்தின் மந்த புத்தியை எள்ளி நகையாடுகின்றார். ஒரு கதையில் அவரே கொலைகாரராக இருக்கலாமோ என்ற ஐயமும் அம்முடிச்சுகளாலேயே எழுகின்றது. தேநீர்க்கடையில் அமரும் இவர் அருந்துவதோ ஒரு குவளைப் பால்!

இவ்வமைப்பில் மூன்று கூறுகளை நாம் வேறுபடுத்திக் காணலாம். முதலாவது, கதை முழுவதும் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதாக அமைந்துள்ளது. அச்சிலேறிய போதும் அது வாய்மொழிக் கதையே. வாய்விட்டுப் படிப்பதற்கு இதனிலும் ஏற்ற வடிவம் அரிது. இரண்டாவது, அறிவு அதிகாரத்தோடு இணைந்திருக்கவில்லை. பதவியோ சீருடையோ அற்ற, மூலையில் ஒதுங்கிய ஒருவனிடம் அது இருக்கின்றது. மூன்றாவது, குற்றம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும் தண்டனை இல்லை. உண்மைக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே இடைவெளி இருக்கின்றது என்ற எண்ணமே கதையின் அடியோட்டம். தோட்டத் தொழிலாளி ஒருவனுக்கு இவ்வெண்ணம் புதிதன்று.

நடேசய்யரின் வாழ்க்கையும் துப்பறியும் கதையின் சாயலைக் கொண்டிருந்தது. 1887 இல் தஞ்சை மாவட்டத்திற் பிறந்த அவர், முதன்முறை இலங்கைக்கு வந்தபோது தோட்டங்களின் நிலையை அறிய விரும்பினார். அந்நியர் தோட்டத்திற் கால்வைத்தால் அத்துமீறற் குற்றம். ஆகவே புடவை வியாபாரியாக வேடந்தரித்து லயங்களுக்குட் சென்றார். மாறுவேடம் பூணுவது துப்பறியும் நாவலின் தேய்ந்துபோன உத்தி. இங்கு அது அரசியல் ஆய்வுமுறையாக மாறுகின்றது. துரையின் எல்லைக்குள் மறைக்கப்பட்டிருந்த குற்றத்தைத் தேடிச் சென்றவன், சட்டத்தின் கண்ணில் தானே குற்றவாளியாகின்றான். பின்னர் 1925 இல் சட்டநிரூபண சபைக்கும், 1936 இல் அரசாங்க சபைக்கும் அவர் தெரிவானார். அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளரின் நிலையைப் பாட்டுகளாக இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். அவை அச்சாகி விற்கப்பட்டன. கொலைச்சிந்துக்காரனின் முறை, அதாவது பாடி விற்றல், தொழிற்சங்கத்தின் முறையாகியது. துப்பறியும் தொடரையும் இப்பாட்டுகளையும் வேறுவேறாகப் பிரித்து ஒன்றைப் பொழுதுபோக்கு எனவும் மற்றதைப் போராட்டம் எனவும் வகுப்பது, கேட்டவர்களின் அனுபவத்தைப் பிளப்பதாகும். இரண்டையும் கேட்ட செவிகள் ஒன்றே.

4. துண்டு என்னும் தடயம்

துப்பறியும் கதையிற் காகிதத் துண்டு ஒன்று முக்கிய தடயமாக அமைவதுண்டு. தோட்ட வரலாற்றிலும் அவ்வாறே. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைச் சிறையிலிட இடமளித்தது. ஒப்பந்த மீறல் எனும் குடியியற் பிணக்கு ஒரு தரப்பினருக்கு மாத்திரம் குற்றவியல் தண்டனைக்குரியதாகியது. கூலியைக் காலந்தாழ்த்திய துரை கடனாளி. வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளி. தோட்ட வழக்கில் ஓடிப்போதல் எனப்பட்டது, பிற தொழில்களில் வேலை மாறுதல் எனப்படும் செயலேயாகும்.

துண்டு என்பது தொழிலாளியின் கடன் செலுத்தப்படின் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அக்கடனின் பெரும்பகுதி கங்காணியின் முற்பணம், வழிச்செலவு, அரிசிக் கணக்கு என்ற பெயர்களிற் குவிந்தது. கணக்கைப் படிக்கத் தெரியாதவன் தன் விலை எழுதப்பட்ட தாளை மடியிற் செருகிக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் சென்றான். 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டுமுறையைத் தடைசெய்தது. நடேசய்யரின் துப்பறியும் தொடர் வெளிவந்ததும் இப்பத்தாண்டிலேதான். காகிதத்தைப் படிக்க அறிந்தவன் வெல்வான், அறியாதவன் வீழ்வான் என்ற துப்பறியும் கதையின் நியதியைத் தோட்ட மக்கள் கதையைக் கேட்பதற்கு முன்பே தம் உடலால் அறிந்திருந்தனர். ஒருவர் படிக்கக் கேட்பதென்பது அவர்களுக்குச் சுவை நுகர்தல் மட்டுமன்று. படிப்பின் வல்லமை யாருடைய கையில் இருக்கின்றது என்பதை ஒவ்வொரு முறையும் நினைவுறுத்திய நிகழ்ச்சியுமாகும்.

5. நேவ்ஸ்மியர்: வீட்டில் இருந்த குற்றம்

கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டம் 1946 இல் நாடு அறிந்த பெயராகியது. நிலமற்ற கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் லயங்களை விட்டு வெளியேறுமாறு அறிவித்தல் பெற்றனர். அவர்கள் வெளியேற மறுத்தனர். வேலைநிறுத்தம் எழுந்தது, இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவர்களுக்குத் துணைநின்றது. அரசாங்கமோ தொழிலாளர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடர்ந்தது.

இங்கு வர்க்க முரண்பாடு எவ்வாறு இன முரண்பாடாக வடிவங்கொடுக்கப்பட்டது என்பதை நாம் உற்றுநோக்குதல் வேண்டும். சிங்களக் கிராமத்தவனின் நிலப்பசி உண்மையானது. பெருந்தோட்டங்கள் அவனது கிராமத்தைச் சூழ்ந்து நெருக்கின என்பதும் மறுக்க இயலாதது. ஆனால் நிலத்தைக் கவர்ந்த கம்பனிகளின் விரிந்த பரப்பு பெரும்பாலும் அப்படியே இருக்க, ஒரு சிறு தோட்டத்தின் லயத்து அறையில் வாழ்ந்தவனே நிலம் கவர்ந்தவனாகக் காட்டப்பட்டான். துப்பறியும் கதையில் உண்மைக் குற்றவாளி தப்பிச் செல்லும்போது வாசகரின் ஐயத்தைத் திருப்பிவிட ஒரு வேலைக்காரன் இருப்பான். நேவ்ஸ்மியரில் அப்பாத்திரம் தொழிலாளிக்கு வழங்கப்பட்டது.

செய்த குற்றம்தான் என்ன? களவில்லை, கொலையில்லை. தாம் பிறந்து வளர்ந்த அறையின் மூலையில் குந்தியிருந்தமையே குற்றம். அத்துமீறல் என்றால் பிறனுடைய இடத்தினுட் புகுதல் என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். இவர்கள் எங்கும் புகவில்லை. அவர்கள் அசையாதிருக்க, அவர்களது காலடி நிலத்தின் உரிமையாளர் மாறியதும் அசையாமையே குற்றமாயிற்று. நடேசய்யரின் தலைப்பை அறிந்த எவரும் இவ்வழக்கை ஒரு கசந்த சிரிப்பின்றிப் படிக்கமுடியாது. தொல்காப்பியர் நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக எள்ளலைக் கூறுவர். எள்ளப்படுபவன் தன்மீது வீசப்பட்ட எள்ளலைத் திருப்பி வீசும்போது பிறக்கும் நகை இது.

அரசருக்கும் செல்வநாயகத்துக்கும் இடையிலான வழக்கு என்ற பெயரில் இப்பிணக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1950 இல் தீர்ப்புக் கிடைத்தது. குற்றவியல் அத்துமீறலை நிலைநாட்டுவதற்கு நோக்கம் நிரூபிக்கப்படல் வேண்டும். உரிமை உண்டு என நேர்மையாக நம்பி இருந்தவனை, அவனது இருப்பு மற்றவருக்குத் தொல்லை தரும் என்பதற்காக மட்டும் குற்றவாளியாக்க முடியாது எனக் கழகம் கருதியது. முடியின் மேன்முறையீடு தோற்றது. வழக்கு வென்றது தொழிலாளி, குற்றம் துடைக்கப்பட்டது. ஆயினும் இத்தீர்ப்பு அவனுக்கு நிலத்தையோ வீட்டையோ வழங்கவில்லை. குற்றவாளியல்லன் என்று மட்டுமே கூறிற்று. அவன் யார் என்ற வினா அதற்குள் வேறிடத்திற்கு நகர்ந்துவிட்டது.

6. உறுவன்வெல்லையில் இல்லாத பெயர்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வதிந்ததை நிரூபித்து விண்ணப்பிக்குமாறு பணித்தது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் 8,24,000 பேர் சார்பிற் குவிந்தன. விசாரணைகள் ஒரு தசாப்தத்துக்கு மேல் நீண்டன. இறுதியிற் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

இவ்விசாரணைகளைத் துப்பறியும் கதையின் தலைகீழ் வடிவம் எனலாம். அங்கே ஒருவன் குற்றம் நடந்த இரவில் அவ்விடத்தில் தான் இருக்கவில்லை என நிரூபித்தால் விடுதலை பெறுவான். இங்கே தான் பத்தாண்டும் அவ்விடத்திலேயே இருந்ததாக நிரூபித்தல் வேண்டும். அதற்குச் சான்று தோட்டத்துச் செக்ரோலும் பிறப்புப் பதிவும். அவற்றை எழுதியவர் துரையின் கணக்கப்பிள்ளை. உடலால் இருந்தமை சான்றாகாது. எழுத்தில் இருந்தமையே சான்று. உழைத்துக் காய்த்த கையை நீட்டினால் விசாரணை அதிகாரி தாளைக் கேட்பார். வாழ்நாள் முழுவதும் பிறர் படிக்கக் கேட்டு வாழ்ந்த ஒரு சமூகத்திடம் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது.

வாக்குரிமையும் பறிபோயிற்று. கேகாலை மாவட்டத்து உறுவன்வெல்லைத் தொகுதியில் கோடக்கன்பிள்ளை என்பார் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறு கோரினார். மறுக்கப்பட்டது. மறுபரிசீலனை அதிகாரி அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். 1951 இல் உயர்நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளியது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருப்பின் அதனை இயற்றியோரின் உள்நோக்கமும் அதனால் விளையும் நடைமுறைப் பயனும் ஆராயப்பட வேண்டியவையல்ல என்பது அந்நீதிமன்றத்தின் நிலைப்பாடு. சட்டத்தில் எச்சமூகத்தின் பெயரும் குறிக்கப்படவில்லை. எனவே பாரபட்சம் இல்லை. 1953 இல் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டை நிராகரித்தது. 1936 இல் இடதுசாரித் தலைவரான என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பிய அதே உறுவன்வெல்லை இது.

இரு வழக்குகளையும் அருகருகே வைப்போம். தொழிலாளி குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கில் நோக்கமே யாவும். அதனால் அவன் தப்பினான். அரசு குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கில் நோக்கம் பொருளற்றது. அதனால் அரசும் தப்பியது. துப்பறியும் கதையைக் கேட்டு வளர்ந்த எந்தத் தோட்டத்துச் சிறுவனும் ஒரு கொலையைக் கண்டால் முதலில் வினவுவது, ‘இதனால் யாருக்கு இலாபம்?’ என்பதே. உயர்நீதிமன்றம் அவ்வினாவைக் கேட்க மறுத்தது. பல இலட்சம் பேரின் அரசியல் உயிர் பறிக்கப்பட்டது, உடல் கிடந்தது, பயனடைந்தோர் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தனர். ஆயினும் குற்றவாளி என ஒருவரும் இல்லை. ஓர்சியின் கிழவர் இதனினும் நேர்த்தியான குற்றத்தைக் கண்டிருக்க முடியாது.

7. நகையின் எல்லை

இந்நகையை நாம் அளவுக்கு மீறி உயர்த்திப் பேசுதலும் தவறாகும். சிரித்தவன் சங்கத்திற் சேர்ந்தான் என நிறுவ எம்மால் இயலாது. அதிகாரத்தை எள்ளும் கதை, எள்ளியதோடு மனநிறைவு தந்து போராட்ட உணர்வைத் தணிக்கவும் கூடும். குற்றக்கதைகளிற் பெரும்பாலானவை பெண்ணைப் பிணமாகவோ சூழ்ச்சிக்காரியாகவோ மட்டும் கண்டன என்பதும் மறைத்தற்குரியதன்று. விடியலிலிருந்து மாலை வரை கொழுந்து பறித்து, பின்னர் அடுப்படியில் நின்ற பெண், இஸ்தோப்பிற் படிக்கப்பட்ட கதையைச் சுவருக்கு அப்பாலிருந்தே கேட்டிருப்பாள். கேட்போர் கூட்டத்திலும் மையமும் மூலையும் இருந்தன. மீனாட்சியம்மாள் மேடையேறிப் பாடியதன் வரலாற்றுப் பெறுமதி இப்பின்னணியிலேயே முழுமையாகத் துலங்கும்.

எனினும் ஒன்றை உறுதியாகக் கூறலாம். தோட்டத்திற் குற்றம் என்ற சொல்லுக்கு அதிகாரம் தந்த பொருளை அம்மக்கள் அப்படியே ஏற்கவில்லை. வேலையை விட்டுச் சென்றதும், அந்நியனோடு பேசியதும், வீட்டில் இருந்ததும் குற்றமெனச் சட்டம் கூறியபோது, வேறொரு நியாயத்தைப் பேசிப் பழகுவதற்குக் கதை ஓர் இடத்தை அளித்தது. தண்டனை பெறாத உண்மையைப் பற்றிப் பேசிய கதை, நீதி பெறாத மக்களுக்குப் பொருத்தமான கதையே.

அக்கேட்போர் கூட்டம் பின்னர் சிதறுண்டது. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் பல குடும்பங்களை இராமானுஜம் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியது. 1977 இலும் 1981 இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. 1983 இல் எஞ்சியோரும் துன்புற்றனர். வடக்கு நோக்கிச் சென்றோர் பலர். நாடற்றோர் பிரச்சினையைச் சட்டரீதியில் முடித்துவைத்தது 2003 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமாகும். துண்டு ஒழிந்து, செக்ரோலைத் தேடி அலைந்த தலைமுறை மறைந்து, அடையாள அட்டை கைக்கு வந்திருக்கின்றது. ஆனால் லயத்து அறையும் அது நிற்கும் நிலமும் யாருடையவை என்ற வினா கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இன்னும் முழுமையாக விடை பெறவில்லை.

ஆகவே எமது கல்விசார் உலகின் முன்னுள்ள பணி இருவகைப்பட்டது. பழைய பத்திரிகைகளிற் புதைந்துள்ள மலையகத் துப்பறியும் தொடர்களைத் தொகுத்துப் பதிப்பித்தல் ஒன்று. அவற்றையும் அவற்றோடொத்த சிந்துகளையும் லாவணிகளையும் கேட்டு வளர்ந்த முதியோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தல் மற்றொன்று. பின்னையது விரைந்து செய்யவேண்டியது. பதிப்புக்குத் தாள் காத்திருக்கும், முதியோர் காத்திரார். மூலையில் குந்தியிருக்கும் அவர்கள் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தனர். இனி அவர்கள் சொல்ல நாம் கேட்பதே முறை.